சின்ன பொயின்ட் அன்ட் கிளிக் கேம்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விளையாடுகிறவர்களும், தாங்களே ஒன்றைச் செய்து பார்க்க நினைக்கிறவர்களும் கேட்கிற கேள்விகள் இவை. யாழ்ப்பாணத்தில் பெரும்பாலானோர் கையில் இருப்பது ஒரு அன்ட்ரொய்ட் போனும் ஒரு பழைய லப்டொப்பும்தான். பதில்களும் அதை வைத்தே சொல்லப்படுகின்றன.

பொயின்ட் அன்ட் கிளிக் எண்டால் என்ன மாதிரியான கேம்?

சுடுவது, துரத்துவது, நேரத்தோடு போட்டி போடுவது அனேகமாக இருக்காது. திரையில் ஓர் இடம் இருக்கும். அதற்குள் பொருட்கள், ஆட்கள், வாசல்கள். மவுஸால் காட்டிக் கிளிக் பண்ணினால் உங்கள் பாத்திரம் அங்கே போகும், பார்க்கும், எடுக்கும், கதைக்கும். எடுத்தவை பைக்குள் சேரும். பைக்குள் இருப்பதைச் சரியான இடத்தில் பாவித்தோ, சரியான ஆளிடம் கதை கேட்டோ அடுத்த வாசலைத் திறக்க வேண்டும்.

1987இல் லூகாஸ்பிலிம் கேம்ஸ் வெளியிட்ட 'மேனியாக் மேன்ஷன்' இந்த முறையைப் பரவலாக்கியது. அதற்கு முந்திய அட்வெஞ்சர் கேம்கள் (கதையோடு புதிர் தீர்ப்பவை) பலவற்றில் செய்ய வேண்டியதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். அதுவோ 'திற', 'எடு', 'தள்ளு' போன்ற வினைகளைத் திரையின் அடியில் வரிசையாகப் போட்டுவிட்டது. இன்று வருகிற சின்ன கேம்கள் பலவற்றில் அந்த வரிசையும் இல்லை. ஒரு கிளிக்தான்.

ஒரு மணித்தியாலத்தில முடியிற கேமில என்ன பெரிசா இருக்கப்போகுது?

சின்னது என்று நாங்கள் சொல்வது அரை மணித்தியாலம் முதல் மூன்று, நான்கு மணித்தியாலம் வரை. ஐந்து முதல் பதினைந்து அறைகள் இருக்கும். பைக்குள் ஒரே நேரத்தில் ஆறேழு பொருளுக்கு மேல் சேராது.

அந்தச் சுருக்கம்தான் அதன் பலம். பெரிய கேமில் முதல் நாள் எடுத்த கயிறு மூன்றாம் கிழமை தேவைப்படும். அதற்குள் பாடசாலை, ரியூஷன், வேலை என்று இடைவெளி விழுந்து, எடுத்ததே மறந்துவிடும். சின்னதில் பார்த்த எல்லாமே தலைக்குள் இருக்கும். கணக்காகவும் பார்க்கலாம். பைக்குள் 8 பொருள், போகக்கூடிய இடங்களில் கிளிக் ஆகிற 12 இடம் என்றால் பொருளை இடத்தில் பாவிக்க 96 வழி, பொருளோடு பொருளைச் சேர்க்க 28 வழி, மொத்தம் 124. நாலு பொருளும் எட்டு இடமும் என்றால் 32உடன் 6, மொத்தம் 38. முதலாவதில் நம்பிக்கை விட்டுப்போகும். இரண்டாவதில் யோசிக்க மனம் வரும்.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. எட்டுப் புதிர் உள்ள கேமில் ஒரு புதிர் மோசமாக இருந்தால் கேமின் எட்டில் ஒரு பங்கு மோசம். ஒன்றரை மணித்தியாலக் கேமில் நாற்பது நிமிடம் ஒரே கதவின் முன்னால் நின்றவருக்குப் பிறகு அந்தக் கதவு மட்டும்தான் நினைவில் இருக்கும். முடிவும் அப்படித்தான்: பாத்திரங்களை இப்போதுதான் பிடிக்கத் தொடங்கியது, அதற்குள் பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கிவிடும். இந்தக் குறை நல்ல கேம்களிலும் உண்டு.

காசில்லாமல் தொடங்க எது நல்லது?

'சமரோஸ்ட்', 2003. செக் நாட்டவரான யாக்குப் டிவோர்ஸ்கி மாணவராக இருந்தபோது செய்தது. வசனமே இல்லை, ஒரே இருப்பில் முடியும். பழகிப் பார்க்க இதைவிடச் சின்னது தேடத் தேவையில்லை.

'கியூப் எஸ்கேப்' வரிசை, 2015இலிருந்து. நெதர்லாந்தின் ரஸ்டி லேக் குழு செய்தது, போனில் இலவசம். ஒவ்வொன்றும் ஓர் அறை, சில சுவர்கள், அவ்வளவுதான். ஆனால் இரத்தமும் பயமுறுத்தலும் உண்டு.

கொஞ்சம் நீளமாக, கதையோடு வேண்டும் என்றால் 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை' (1994), 'ஃபிளைட் ஒஃப் த அமேசன் குயீன்' (1995). இரண்டையும் உரிமையாளர்களே பின்னர் இலவசமாக விட்டுவிட்டார்கள்; பழைய கேம்களை ஓடவைக்கிற ஸ்கம்விஎம் என்ற மென்பொருளின் தளத்திலிருந்தே தரவிறக்கலாம். ஒருமுறை இறக்கினால் பிறகு டேட்டாவும் தேவையில்லை, இணையமும் தேவையில்லை.

காசு கொடுக்கத் தயார் என்றால் 'மெஷினேரியம்' (2009). சமரோஸ்ட் செய்தவர்களின் அமானிட்டா டிசைன் வெளியிட்டது. இதிலும் வசனம் இல்லை.

பழைய கேமை போனில ஓடவைக்கிறது எப்பிடி?

மேலே சொன்ன ஸ்கம்விஎம் வேண்டும், அதுவும் இலவசம். அது 2001இலிருந்து வருகிறது. விண்டோஸ், லினக்ஸ், அன்ட்ரொய்ட் எல்லாவற்றிலும் ஓடும். பிளே ஸ்டோரிலிருந்து அதைப் போடுங்கள். கேமின் ஸிப் கோப்பைத் தனியாக இறக்கி, பைல் மனேஜரில் அதை விரித்து, ஒரு தனி ஃபோல்டருக்குள் வையுங்கள். ஸ்கம்விஎம்மைத் திறந்து 'அட் கேம்' அழுத்தி, அந்த ஃபோல்டரைக் காட்டி அனுமதி கொடுங்கள். பெயர் பட்டியலில் வந்ததும் 'ஸ்டார்ட்'.

'கேம் எதுவும் கிடைக்கவில்லை' என்று சொன்னால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஸிப்பை விரிக்காமல் அப்படியே விட்டிருப்பீர்கள். அல்லது விரித்தபோது ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டர் உருவாகி, நீங்கள் வெளியில் இருப்பதைக் காட்டியிருப்பீர்கள். ஸ்டீல் ஸ்கையில் 'ஸ்கை' என்று தொடங்கும் கோப்புகள் நேரடியாகக் கண்ணுக்குத் தெரிகிற ஃபோல்டர்தான் சரியானது.

தொட்டால் விவரம் மட்டும் சொல்லுது, எடுக்குதில்லை. கேம் பழுதா?

பழுதில்லை. ஸ்டீல் ஸ்கையில் இடப்பக்கக் கிளிக் பார்ப்பதற்கு, வலப்பக்கக் கிளிக் பாவிப்பதற்கு. போனில் ஒரு விரலால் தொட்டால் அது இடக்கிளிக். இரண்டு விரலால் ஒருமிக்கத் தட்டுங்கள், வலக்கிளிக் ஆகும். இது தெரியாமல் முதல் அறையிலேயே கேமை அழித்துவிட்டவர்கள் நிறையப்பேர்.

இன்னொரு கரைச்சல் அளவு. அந்தக் காலக் கேம்கள் 320க்கு 200 புள்ளியில் வரையப்பட்டவை. 6.5 அங்குலப் போனைப் படுக்கையாகப் பிடித்தால் திரையின் உயரம் ஏறக்குறைய 68 மில்லிமீற்றர். அதை 200ஆல் பிரித்தால் ஒரு புள்ளி 0.34 மில்லிமீற்றர். நாலு புள்ளி அகலமான ஒரு திறப்பு ஒன்றரை மில்லிமீற்றர்கூட வராது. விரலால் தொடுகிற இடம் 9 மில்லிமீற்றராவது இருக்க வேண்டும் என்பது அன்ட்ரொய்ட் வடிவமைப்பாளர்களுக்குச் சொல்லும் அளவு. ஆகவே ஸ்கம்விஎம்மில் தொடுமுறையை 'டச்பேட்' வகைக்கு மாற்றுங்கள். அப்போது விரலை எங்கே வைத்தாலும் அம்புக்குறி மெதுவாக நகரும். விரல் பொருளை மறைக்காது. நேரடித் தொடுகையைவிட மெதுவானதுதான், ஆனாலும் இந்த வகைக் கேமுக்கு அதுவே சரி.

முந்தி பிரவுசரில விளையாடின கேம்கள் இப்ப ஏன் திறக்குதில்லை?

அவை பிரவுசருக்குள் கேம் ஓடவைத்த ஃபிளாஷ் என்ற மென்பொருளில் செய்தவை. 2020 டிசம்பர் 31உடன் அடோபி அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. 'ரஃபிள்' என்ற இலவச எமியூலேட்டர் பலவற்றை ஓடவைக்கும், எல்லாவற்றையும் அல்ல. செய்தவர்களே புதிய வடிவில் வெளியிட்டிருந்தால் அதை எடுப்பது நல்லது.

மாட்டுப்பட்டுப் போனால் முதலில என்ன செய்யிறது?

கண்டபடி கிளிக் பண்ணுவதை நிறுத்துங்கள். ஒரு தாளை எடுத்து இடப்பக்கத்தில் 'என்ன என்னைத் தடுக்குது' என்பதையும், வலப்பக்கத்தில் 'கையில் என்ன இருக்கு' என்பதையும் எழுதுங்கள். இடப்பக்கம் வெறுமையாக இருந்தால் நீங்கள் புதிரில் மாட்டவில்லை, புதிரை இன்னும் காணவே இல்லை. அப்போது தேட வேண்டியது விடையை அல்ல, போகாத வாசலை. திரையின் கீழ் விளிம்பில் இருக்கிற வாசல்தான் அதிகம் தவறுவது. முன்பக்கமாக வெளியேறும் வழியை வரைய இடமில்லாததால் அங்கே ஒன்றும் தெரியாது. அம்புக்குறியைத் தரை மட்டத்தில் இடமிருந்து வலமாக மெதுவாக இழுத்துப் பாருங்கள். சில கேம்களில் ஸ்பேஸ்பாரையோ டாப் கீயையோ அழுத்தினால் கிளிக் ஆகிற இடங்கள் எல்லாம் மினுங்கும், செட்டிங்ஸில் தேடுங்கள்.

இடப்பக்கம் நிறைந்திருந்தால் பைக்குள் இருக்கிற ஒவ்வொன்றையும் திரும்பப் பாருங்கள். விவரத்தில் ஒரு சொல் உங்களுக்காகவே போடப்பட்டிருக்கும்: 'பழைய' கயிறு என்றால் அது அறும். பிறகு, ஏற்கனவே கதைத்த ஆட்களிடம் திரும்பப் போங்கள். புதிதாக ஒன்று நடந்தாலோ புதிதாக ஒன்று கிடைத்தாலோ அவர்களிடம் புது வரி வந்திருக்கும்.

மெஷினேரியத்துக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு. அதில் நீங்கள் நடத்துகிற ரோபோ தன் கைக்கெட்டுகிற தூரத்தில் இருப்பதைத்தான் தொடும். தூரத்தில் நின்று ஒரு பொருளைக் கிளிக் பண்ணினால் ஒன்றும் நடக்காது. நீங்களும் 'இது சும்மா கீறின படம்' என்று விட்டுவிடுவீர்கள். கிட்டப் போய் நின்று கிளிக் பண்ணுங்கள். உடம்பை நீட்டவும் குறுக்கவும் ஏலும் என்பதையும் மறக்க வேண்டாம். ஒரே இடத்தில் நின்றபடி மூன்று உயரத்தில் தேட வேண்டும்.

எல்லாத்தையும் எல்லாத்திலயும் தேய்ச்சுப் பார்த்தால் என்ன?

பார்க்கலாம். மேலே சொன்ன 124 வழியில், ஒவ்வொரு தடவையும் பாத்திரம் நடந்து போய் 'அது சரிவராது' என்று சொல்ல ஐந்து செக்கன் எடுத்தால் பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. அதற்குப் பிறகு விடை கிடைத்தாலும் சந்தோசம் கிடைக்காது. ஆனால் அப்படித் தேய்க்க வைத்தது உங்கள் பொறுமையின்மை என்று நினைக்க வேண்டாம். பத்தில் எட்டு இடத்தில் அது கேமின் குற்றம்.

கஷ்டமான புதிருக்கும் மோசமான புதிருக்கும் என்ன வித்தியாசம்?

விடை தெரிந்த பிறகு 'அட, இது எனக்கே தோன்றியிருக்க வேணும்' என்றால் கஷ்டமான புதிர். 'இது ஆருக்குத் தோன்றும்?' என்றால் மோசமானது.

மோசத்துக்கு உலகறிந்த உதாரணம் 1999இல் வந்த 'கேப்ரியல் நைட் 3'. மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுக்க நண்பன்போல வேடம் போட வேண்டும். அதற்குப் பூனையின் மயிரை ஒட்டுநாடாவில் பிடித்து, மேப்பிள் பாணியால் ஒட்டி மீசை செய்ய வேண்டும். அந்த நண்பனுக்கு மீசையே இல்லை. அதனால் அவனுடைய கடவுச்சீட்டுப் படத்தில் பேனாவால் மீசை கீற வேண்டும். ஒவ்வொரு படியும் தனியே நடக்கக்கூடியதுதான். மீசை இல்லாதவன்போல வேடம் போட மீசை தேவை என்று யோசிக்க வைக்கிற ஒரு காரணமும் கேமில் இல்லை என்பதே பிழை.

எங்கள் ஊருக்குப் பொருந்துகிற ஒரு புதிரைக் கட்டிப் பார்ப்போம். பழைய நாற்சார் வீடு. அலுமாரியின் திறப்பு கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. செய்தவர் நினைக்கிற விடை: உடைந்த ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தை எடுத்து, தங்கூசி நூலில் கட்டி, கிணற்றுக்குள் விட வேண்டும்.

முதல் கோளாறு: பழைய அலுமாரித் திறப்பை மஞ்சளாக, பித்தளையாகக் கீறியிருக்கிறார்கள். பித்தளையைக் காந்தம் இழுக்காது. கொஞ்சம் யோசிக்கிற ஆள் காந்தத்தை உடனே ஒதுக்கிவிடுவார். யோசிக்காத ஆளுக்கு விடை கிடைக்கும். புத்திசாலியைத் தண்டிக்கிற புதிர் இது. கறள் பிடித்த இரும்புத் திறப்பாகக் கீறி, விழ முன்னர் ஒருமுறை கிட்டக் காட்டினால் சரி.

இரண்டாவது: ஸ்பீக்கருக்குள் காந்தம் இருப்பது எல்லாருக்கும் தெரியாது. ஸ்பீக்கரின் பின்பக்கத்தில் இரண்டு குண்டூசி ஒட்டிக்கொண்டிருப்பதுபோலக் கீறிவிடுங்கள். ஒரு சொல்லும் தேவையில்லை.

மூன்றாவதுதான் பெரியது. கிணற்றுக்குள் ஒன்று விழுந்தால் இங்கே வளர்ந்த ஆளுக்கு முதலில் தோன்றுவது காந்தம் அல்ல, பாதாளக்கரண்டி. அயல் வீட்டில் இரவல் வாங்கலாம் என்று படலையடிக்குப் போவார். அந்தப் படலை கிளிக்கே ஆகாவிட்டால் கேம் அவரைக் கைவிட்டுவிட்டது. ஒன்றில் பாதாளக்கரண்டியையும் விடையாக ஏற்க வேண்டும். அல்லது அயல்காரர் பூட்டிவிட்டுக் கொழும்புக்குப் போனதைப் படலையில் ஒரு வரியால் சொல்ல வேண்டும். வாளியை விட்டு அள்ளிப் பார்ப்பார், கயிற்றில் தானே இறங்கப் பார்ப்பார்; இவற்றுக்கும் ஆளுக்கொரு வரி வேண்டும். 'அது சரிவராது' என்பது பதில் அல்ல. 'வாளி அடியில போய் முட்டுது, திறப்புச் சேத்துக்குள்ள இன்னும் தாண்டு போகுது' என்பது பதில்: எண்ணம் சரி, கருவி பிழை என்று அது சொல்லிவிடுகிறது.

நாலாவது வரிசை. பூட்டைக் காண முன்னர் காந்தம் கையில் வந்துவிட்டால் அது எதற்கென்று தெரியாத ஒரு சாமான். கிணறு முதலில், காந்தம் பிறகு. மேனியாக் மேன்ஷனைச் செய்தவர்களில் ஒருவரான ரொன் கில்பேர்ட் 1989இலேயே இதை எழுதிவிட்டார்: விடைக்கு முன் பிரச்சினையைக் காட்டு என்று. இன்னும் பாதிப் பேர் கேட்பதில்லை.

ஒரு சேவ் போதுமா?

இன்றைய சின்ன கேம்களில் போதும். தானாகவே சேவ் ஆகும். பழையவற்றில் போதாது. 1990இல் வந்த 'கிங்ஸ் குவெஸ்ட் 5'இல் பசி என்று ஒரு கஸ்டர்ட் பையைச் சாப்பிட்டுவிட்டால், பின்னால் மலையில் வருகிற பனி மிருகத்தின் முகத்தில் எறிய ஒன்றும் இருக்காது. அங்கே கேம் முடிந்தது. திரும்ப நெடுந்தூரம் போக வேண்டும். இப்படியானவற்றுக்கு இடத்துக்கொரு சேவ் வைத்து, பழையதன்மேல் எழுதாமல் விடுங்கள். ஸ்கம்விஎம்மில் கன்ட்ரோலும் எஃப்5உம் சேர்த்து அழுத்தினால் பொது மெனு வரும். பெரும்பாலான கேம்களில் அங்கிருந்தே சேவ் பண்ணலாம்.

இங்கிலீஷ் மட்டுமட்டு. விளையாடலாமா?

வசனமில்லாதவற்றில் தொடங்குங்கள். வசனம் உள்ளவற்றிலும் எழுத்து திரையில் நிற்கிற நேரத்தைச் செட்டிங்ஸில் கூட்டலாம், அல்லது கிளிக் பண்ணும்வரை நிற்கச் செய்யலாம்.

சொல்விளையாட்டுப் புதிர்களில் மட்டும் தயங்காமல் விடையைப் பாருங்கள். 1991இல் வந்த 'மங்கி ஐலன்ட் 2'இல் ஒரு குரங்கையே திருகியாகப் பாவிக்க வேண்டும். அமெரிக்கப் பேச்சில் அந்தக் கருவிக்குப் பெயர் 'மங்கி ரென்ச்', அதாவது குரங்குத் திருகி. ஸ்பானர் என்று சொல்லி வளர்ந்தவருக்கு ஆங்கிலம் தண்ணிபட்டபாடாக இருந்தாலும் அது பிடிபடாது.

விடையைப் பார்த்து விளையாடுறது களவுதானே?

இல்லை. ஆனால் முழு விடையையும் ஒரேயடியாகத் திறக்க வேண்டாம். கண் அடுத்த வரிக்கும் போய்விடும். 'யூனிவர்சல் ஹின்ட் சிஸ்டம்' என்ற பழைய முறையில் ஒரு கேள்விக்குக் குறிப்புகள் ஒவ்வொன்றாகத்தான் திறக்கும்: முதலில் எங்கே பார்ப்பது, பிறகு எதை, கடைசியில்தான் விடை. மெஷினேரியத்தில் விடைப் புத்தகம் கேமுக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும்; ஒரு குட்டிச் சுடும் விளையாட்டை முடித்தால்தான் திறக்கும். அந்தச் சின்ன அலுப்பு பலரைத் திரும்ப யோசிக்க வைக்கிறது. கெட்டித்தனமான ஏற்பாடு.

எங்கள் கணக்கு: ஒரு இடத்தில் இருபது நிமிடம். அதற்குள் புதிதாக ஒரு வரிகூடக் கேம் சொல்லவில்லை என்றால் பாருங்கள்.

பிள்ளையளுக்குக் குடுக்கலாமா?

மெஷினேரியம் பத்து வயதுக்கு மேல் நன்றாகப் போகும், பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தால் இன்னும் நல்லது. ரஸ்டி லேக் எதுவும் வேண்டாம், படம் வடிவாக இருக்கிறதென்று ஏமாற வேண்டாம்.

நாங்களே ஒண்டு செய்ய எந்த மென்பொருள்?

இரண்டைச் சொல்கிறோம், இரண்டும் இலவசம். ஏஜிஎஸ், அதாவது அட்வெஞ்சர் கேம் ஸ்டூடியோ: இந்த வகைக் கேமுக்கென்றே செய்தது. அறை, நடக்கக்கூடிய தரை, கிளிக் ஆகிற இடம், பாத்திரம் முன்னால் வந்து மறைகிற பகுதி எல்லாம் தயாராக இருக்கும். எடிட்டர் விண்டோஸில் மட்டும் ஓடும், பழைய லப்டொப் போதும். மற்றது கொடோ: எல்லா வகைக் கேமுக்குமான பொது என்ஜின், அதாவது கேமைச் செய்யவும் ஓடவைக்கவும் உதவுகிற மென்பொருள். இதற்குப் பொப்போச்சியு என்ற இணைப்பைப் போட்டால் அட்வெஞ்சருக்கு வேண்டிய அடிப்படை வந்துவிடும்.

ஆங்கிலத்தில் என்றால் ஏஜிஎஸ் கெதியாக முடியும். தமிழில் என்றால் கொடோ 4. காரணம் அடுத்த பதிலில்.

தமிழ் எழுத்து உடைஞ்சு உடைஞ்சு வருது. என்ன செய்ய?

யூனிகோடில் 'கெ' என்பது முதலில் 'க', பிறகு கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுபோய் வைப்பது எழுத்தை வரைகிற பகுதியின் வேலை. அந்த வேலை தெரியாத என்ஜினில் கொம்பு பின்னால் நின்று அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். 'கு', 'மூ' போன்றவை இணையாமல் பிரிந்து நிற்கும். எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்ப்பதால் பயன் இல்லை, குறை எழுத்துருவில் இல்லை.

2023 மார்ச்சில் வந்த கொடோ 4 இந்த வேலையைச் சரியாகச் செய்யும். கொடோ 3 செய்யாது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒரு எழுத்துருவைப் புரொஜெக்டுக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள். சேர்க்காவிட்டாலும் உங்கள் லப்டொப்பில் தமிழ் வரும், ஏனென்றால் அது விண்டோஸின் எழுத்துருவை இரவல் எடுக்கிறது. அதே கேமை பிரவுசருக்கு ஏற்றினால் வெறும் சதுரங்கள்தான் வரும். அங்கே இரவல் இல்லை.

ஏஜிஎஸ்ஸில்தான் செய்ய வேண்டும் என்றால் எங்கள் அச்சகங்களில் காலங்காலமாக ஓடுகிற பாமினி என்ற பழைய எழுத்துரு உதவும். பாமினியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. என்ஜின் ஒன்றையும் மாற்றி வைக்கத் தேவையில்லை. வசனத்தை யூனிகோடில் எழுதி, கன்வேர்ட்டரால் பாமினிக்கு மாற்றி ஒட்டுங்கள். மூன்று பொறிகள் உண்டு:

பாமினியில் 'ஜ' உட்காருவது [ குறியில். ஏஜிஎஸ்ஸுக்கு அந்தக் குறி 'அடுத்த வரிக்குப் போ' என்ற கட்டளை. ஜனவரி என்று எழுதினால் வரி உடைந்து 'னவரி' என்று வரும். குறிக்கு முன்னால் \ போடுங்கள்.

'மூ' உட்காருவது % குறியில், 'ன்' தொடங்குவது சிறிய டி எழுத்தில். ஆக 'மூன்று' என்ற சொல் 'இங்கே ஒரு எண்ணைப் போடு' என்று என்ஜினுக்குப் படும், சொல் சிதைந்துவிடும். % குறியை இரண்டு தடவை போட வேண்டும்.

'அ' சிறிய எம், 'ஆ' பெரிய எம். எழுத்தைப் பெரிதாக்குகிற கட்டளை எங்காவது இருந்தால் 'அம்மா' ஆரம்பத்திலேயே 'ஆ' ஆகிவிடும், மற்ற எழுத்துகளும் வேறு எழுத்துகளாகிவிடும்.

திரையளவை 320க்கு 200 என்று வைக்க வேண்டாம். 'ணை', 'ஞூ' போன்றவற்றின் சுழிகள் அடைந்து கறுப்புப் பொட்டாகிவிடும். 640க்கு 360 வைத்தால் தமிழ் வாசிக்கலாம். மூன்று மடங்கு பெருக்கினால் சரியாக 1920க்கு 1080. பழைய லப்டொப்களின் 1366க்கு 768 திரையில் இரண்டு மடங்குதான் போகும், சுற்றிவர மெல்லிய கறுப்பு வரும். அதை நீட்டி நிரப்பினால் எழுத்து கலங்கும், கறுப்பை விட்டுவிடுங்கள்.

முதல் கேமுக்கு எத்தனை அறை வைக்கலாம்?

நாலு. ஆறு என்றால் முடியாமல் போகும்.

படம் கீறுவதை எல்லாரும் கணக்கில் எடுப்பார்கள். நாலு திசை நடைக்குத் திசைக்கு எட்டுப் படம் என்றால் 32; இடப்பக்கத்தைத் திருப்பி வலப்பக்கமாகப் பாவித்தால் 24. எடுக்காமல் விடுவது வசனக் கணக்கு. 6 அறை, அறைக்கு 8 இடம், பைக்குள் 6 பொருள் என்றால் பொருளை இடத்தில் பாவிக்க 288 வழி. அதில் சரியான விடை பத்தோ பன்னிரண்டோதான். மிச்சம் 270க்கு மேற்பட்ட இடத்தில் பாத்திரம் ஏதாவது சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் தனி வரி ஏலாது. ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று பொது வரி எழுதி மாறி மாறி வரவிடுங்கள். விடைக்குக் கிட்ட வருகிற இருபது முப்பது தவறுகளுக்கு மட்டும் தனி வரி எழுதுங்கள். கேம் நல்லதா கெட்டதா என்பது பெரும்பாலும் அந்த முப்பது வரியில் இருக்கிறது.

பாத்திரம் ஆமை மாதிரி நடக்குது எண்டு சொல்லினம்.

வேகத்தைக் கூட்டுங்கள். வாசலில் இரட்டைக் கிளிக் பண்ணினால் நடக்காமல் நேரே அடுத்த அறைக்குப் போகும்படி வையுங்கள். அந்த நடையை எட்டாவது தடவை யாரும் ரசிப்பதில்லை.

ஆரைக்கொண்டு சோதிக்கிறது?

புதிர் தெரியாத ஐந்து பேர் போதும், ஒவ்வொருவராக. பக்கத்தில் இருந்து வாயைத் திறக்காமல் பாருங்கள். 'அங்க இல்லை, இங்க' என்று ஒருமுறை சொன்னால் அந்த ஆள் இனிச் சோதனைக்கு உதவமாட்டார். ஒவ்வொரு புதிரிலும் அவர் முதலில் முயன்ற மூன்று விடயத்தை எழுதுங்கள். மேலே சொன்ன முப்பது வரி எவை என்பது இந்தத் தாளிலிருந்துதான் வரும். இரண்டு பேர் ஒரே பிழையான விடையை முயன்றால் அதையும் சரியான விடையாக ஏற்பதைப் பற்றி யோசியுங்கள். அவர்களில் ஒருவர் போனில் விளையாடட்டும், ஒருவர் அம்மா அப்பா வயதில் இருக்கட்டும்.

முடிச்ச கேமை எங்க போடுறது?

இட்ச்.ஐஓ. பதிவு இலவசம், விலையை நீங்களே வைக்கலாம், சும்மாவும் கொடுக்கலாம். பிரவுசரில் நேரடியாக ஓடும்படி போட்டால் அதிகம் பேர் தொட்டுப் பார்ப்பார்கள். கொடோவில் என்றால் 4.3 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பில், திரெட் (ஒரே நேரத்தில் பல வேலையை ஓடவிடுகிற முறை) இல்லாத வெப் வகையாக ஏற்றுமதி செய்யுங்கள்; திரெட் உள்ள வகை சில பிரவுசர்களில் வெறும் திரையோடு நின்றுவிடும்.

ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் விற்க நினைக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும். வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக இருந்தால் அங்கே காசைத் திரும்பக் கேட்கலாம். ஒன்றரை மணித்தியாலக் கேமை முழுக்க முடித்துவிட்டும் கேட்கலாம். அதற்காகக் கேமை இழுத்து நீட்ட வேண்டாம். நடையை மெதுவாக்கி நேரம் கூட்டிய கேம்களை ஆட்கள் உடனே கண்டுபிடிப்பார்கள். எத்தனை நிமிடக் கேம் என்பதை விவரத்தின் முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள். '45 நிமிடம், 4 அறை, தமிழ்' என்று கண்டு வாங்குகிறவர் 45 நிமிடத்தில் முடிந்தது என்று குறை சொல்ல வரமாட்டார்.